நாய்க்குட்டிகளின் ரத்தக் கழிச்சல்: கேள்வி பதில்

பாலக்கோடு: சார், தடுப்பூசி போட்டும் குட்டி இறந்துவிட்டது. பார்வோ புது வகையாக மாறிவிட்டதாமே?

மாறியது உண்மை. நாய்க்குட்டிகளுக்கு வாந்தியும் ரத்தக் கழிச்சலும் தரும் பார்வோ வைரஸ் 1978இல் பரவத் தொடங்கியது; பூனைகளின் கழிச்சல் வைரஸுக்கு நெருங்கிய சொந்தம். சீக்கிரமே 2ஏ என்ற மாறிய வகை வந்தது, 1984இல் 2பி, 2000இல் இத்தாலியில் 2சி. பெரிய மாற்றம் எதுவும் இல்லை. வைரஸின் மேலோட்டுப் புரதத்தில் 426ஆவது அமினோ அமிலம் (புரதத்தைக் கட்டும் சிறு கல்)தான் மூன்றையும் பிரிக்கிறது: 2ஏ என்றால் அஸ்பராஜின், 2பி என்றால் அஸ்பார்டிக் அமிலம், 2சி என்றால் குளூட்டாமிக் அமிலம். மொத்த மரபணுத் தொகுதியே ஏறக்குறைய 5,200 எழுத்துதான். டிஎன்ஏ வைரஸாக இருந்தும் ஆர்என்ஏ வைரஸ் வேகத்தில் மாறுகிறது. அதனால்தான் மலத்தை எடுத்து மரபணுவை விடாமல் படிக்கிறோம்.

ஆனால் உங்கள் குட்டிக்குக் கடைசி ஊசி எந்த வயதில் போட்டீர்கள்? தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி ஊசியையும் சேர்த்தே முறித்துவிடும். அது வடிந்த பிறகு போடும் ஊசிதான் பிடிக்கும். ஆறு எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாக, 16 வாரம் ஆகும்வரை போட வேண்டும். ஒன்றோடு நிறுத்தியிருந்தால் புது வகையைச் சந்தேகிக்கும் முன் அதைப் பாருங்கள்.

ஓசூர்: கிட் சோதனையில் 2சி என்று தெரியுமா?

தெரியாது. பார்வோ உண்டா இல்லையா என்பது மட்டும்தான்.

காவேரிப்பட்டினம்: பார்வோ இல்லை என்கிறார்கள், ஆனால் ரத்தம் போகிறது.

குடற்புழு, நாய்க் கொரோனா வைரஸ் (கோவிட் அல்ல) என வேறு காரணங்களும் உண்டு. நாய் சர்க்கோவைரஸ் என்று ஒன்றை 2012இல் அமெரிக்காவில் கண்டுபிடித்தார்கள். அது நல்ல நாயின் மலத்திலும் கிடைக்கிறது. அதனால் இருந்தாலே அதுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது.

ஊத்தங்கரை: டெட்டால் விட்டுக் கழுவிவிட்டோம். வேறு குட்டி வாங்கலாமா?

டெட்டால், ஸ்பிரிட் எதற்கும் இது சாகாது. சிமெண்ட் தரையைச் சுத்தமாகக் கழுவி, 30 பங்கு தண்ணீரில் ஒரு பங்கு பிளீச் கலந்து பத்து நிமிடம் ஊறவிடுங்கள். மண் வாசலில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். 16 வாரம் வரை ஊசி முடித்த நாயை மட்டும் கொண்டுவாருங்கள்.

பென்னாகரம்: நாட்டு நாய்க்கு பார்வோ வராது என்கிறார்களே?

வரும்.

அரூர்: எங்கள் தெரு நாய்கள் ஊசியே பார்த்ததில்லை, நன்றாகத்தானே திரிகின்றன?

நீங்கள் பார்ப்பது பிழைத்தவற்றை. புதரடியில் செத்த குட்டிகளை யார் எண்ணினார்கள்?

அரூர்: பிழைத்தது அதன் ரத்தத்தில் இருக்கும் வலுதானே, சார்?

இல்லைங்க. ஒருமுறை நோய் கண்டு மீண்டதால் வந்த எதிர்ப்பு அது. ஒரு ஈற்றில் பாதிக் குட்டியைப் பலி கொடுத்து அதை வாங்க வேண்டாம், ஊசியே தரும். நாட்டு நாயை நேசிக்கிறவர்களே இப்படிச் சொல்லும்போது எனக்கு வேதனையாக இருக்கிறது.

தருமபுரி: மனிதருக்குத் தொற்றுமா?

தொற்றாது. ஆனால் பூனைக்குத் தொற்றலாம், அதனால் பூனைக்கும் ஊசி போடுங்கள்.

தேன்கனிக்கோட்டை: வீட்டிலேயே என்ன மாத்திரை கொடுக்கலாம்?

இதையே பலர் கேட்டுவிட்டீர்கள். எந்த வகையானாலும் குட்டியைக் கொல்வது நீரிழப்பும் ரத்தத்தில் பரவும் பாக்டீரியாவும்தான். ட்ரிப்ஸ் ஏற்ற வேண்டும். பாராசிட்டமால், புரூஃபென் கொடுக்கவே கூடாது. வாந்தி தொடங்கிய அன்றே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.