இன்ஸ்டிடியூட்டில் பணம் கட்டும் முன் மகளின் நோட்டைப் பாருங்கள்

அம்மாவுக்கு வணக்கம்.

மகள் ஈசிஇ இரண்டாம் ஆண்டு. ராத்திரி 11 மணி வரை லேப்டாப்பில் கோடும் கட்டமுமாக வரைகிறாள், கேட்டால் "சர்க்யூட் சிமுலேஷன்மா" என்கிறாள், ஆனால் கையால் ஒரு வயரைத் தொட்டுப் பார்த்ததில்லை என்று எழுதியிருந்தீர்கள். இப்படியே போனால் வேலை கிடைக்குமா என்பது ஒரு கவலை. பக்கத்து ஊர் பயிற்சி நிலையம் ஒன்றரை லட்சம் கேட்கிறது, நகையை அடகு வைத்துச் சேர்த்துவிடலாமா என்பது இன்னொரு கவலை. இரண்டாவதுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இப்போது வேண்டாம். நகை பீரோவிலேயே இருக்கட்டும். ஏன் என்று சொல்ல, மகள் திரையில் என்ன செய்கிறாள் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

தையல் கடை நடத்துகிறீர்கள் என்பதால் உங்களுக்கு இது சுலபமாகப் புரியும். விலை கூடின பட்டுத் துணி வந்தால் நேராகக் கத்தரி வைப்பீர்களா? பேப்பர் கட்டிங் போட்டு, அளவு சரியா என்று பார்த்துவிட்டுத்தானே துணியைத் தொடுவீர்கள். சிமுலேஷன் என்பது அந்தப் பேப்பர் கட்டிங்தான், சர்க்யூட்டை நிஜமாகச் செய்யும் முன் கணினியில் ஓட்டிப் பார்ப்பது. பாகங்களை ஒட்டுகிற சர்க்யூட் போர்டு என்றால் தப்பான இடத்தில் ஒட்டிய பாகத்தைக் கழற்றி மாற்றலாம். சிப் அப்படியில்லை. ஃபேக்டரியில் அச்சாகி வந்த பிறகு உள்ளே இருக்கிற நுண் சுவிட்சான டிரான்சிஸ்டர் ஒன்றைக்கூட நகர்த்த முடியாது, கத்தரி வைத்த துணி மாதிரி. 1994-இல் இன்டெலின் பென்டியம் சிப்பில் ஒரு வகுத்தல் பிழை வெளியே தெரிந்தது. அந்தச் சிப்புகளை மாற்றிக் கொடுப்பதற்காக நிறுவனம் 47.5 கோடி டாலர் ஒதுக்க வேண்டி வந்தது. இந்த மாதிரி தவறு ஃபேக்டரிக்குப் போகும் முன்பே பிடிபட வேண்டும் என்றுதான் சிப் நிறுவனங்களில் பெரிய பெரிய குழுக்கள் பகலும் இரவும் சிமுலேஷன் ஓட்டிக்கொண்டிருக்கின்றன. அதற்கு வெரிஃபிகேஷன் என்று பெயர். புதிதாகப் படித்து வருகிற பிள்ளைகள் பலர் நுழைகிற வாசல் அது. ஆகவே உங்கள் மகள் செய்வது விளையாட்டு இல்லை, அவள் போகப்போகிற தொழிலின் நடுக்கூடத்து வேலை.

இந்த வேலை எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்கிறேன், எனக்குப் பிடித்த கதை. அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் டொனால்ட் பெடர்சன் என்ற பேராசிரியரின் மாணவர் லாரன்ஸ் நேகல். வகுப்புப் பாடமாகத் தொடங்கிய ஒரு புரோகிராமை வளர்த்து எடுத்து, ஸ்பைஸ் என்ற பெயரில் 1973-இல் வெளியிட்டார். அதுவரை சர்க்யூட்டைப் பலகையில் கோத்துப் பார்ப்பதுதான் வழக்கம். ஐசி, அதாவது சிப், வந்த பிறகு அந்தப் பலகை பொய் சொல்ல ஆரம்பித்தது. சிப்புக்குள் இருக்கிற குட்டி டிரான்சிஸ்டரும் வெளியே கோக்கிற பெரிய டிரான்சிஸ்டரும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. அதனால் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டி வந்தது. ஸ்பைஸ் செய்வதும் அதைத்தான். ஒவ்வொரு முனையிலும் உள்ளே வருகிற மின்னோட்டமும் வெளியே போகிறதும் சமமா என்ற கிர்க்காஃப் விதியைச் சமன்பாடாக எழுதிக்கொண்டு, விடை ஒத்துவரும் வரை திரும்பத் திரும்பத் தீர்க்கிறது. பெடர்சன் அந்தப் புரோகிராமைப் பூட்டி வைக்காமல் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார். இன்று இந்தத் துறையில் புழங்கும் சிமுலேட்டர்களில் பல அதன் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள்தான்.

சரி, அப்படியானால் லேப்டாப் மட்டும் போதுமா? போதாது. இங்கே உங்கள் கவலை நியாயமானது. பேப்பர் சுருங்காது, துணி சுருங்கும். திரையில் ஒரு எல்இடியை, அதாவது குட்டி விளக்கை, மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துகிற ரெசிஸ்டர் இல்லாமல் 9 வோல்ட்டில் கொடுத்துப் பாருங்கள். பயங்கரமான மின்னோட்டத்தை எண்ணில் காட்டும், ஆனால் எல்இடி சமர்த்தாக உட்கார்ந்திருக்கும். கையில் என்றால் அது அப்போதே செத்துப்போகும்.

என் முதல் வேலையில் எனக்கு இது நடந்தது. ஒரு சின்ன பவர் சப்ளை நிறுவனம். 24 வோல்ட்டை 5 வோல்ட்டாக இறக்க 7805 என்ற ஐசி போட்டிருந்தேன், அரை ஆம்பியர் லோடு. சிமுலேஷனில் கோடு போட்ட மாதிரி 5 வோல்ட். பெருமையாகப் போர்டு செய்து ஆன் செய்தால், கொஞ்ச நேரத்தில் 5 வோல்ட் காணாமல் போகிறது, ஆறினதும் திரும்ப வருகிறது, மறுபடியும் போகிறது. சீனியர் வந்து பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "வாட் கணக்குப் போட்டியாப்பா?" போடவில்லை. 19 வோல்ட்டை அரை ஆம்பியரால் பெருக்கினால் 9.5 வாட், அவ்வளவும் சூடு. நான் வைத்திருந்த குட்டி ஹீட்சிங்க், அதாவது சூட்டை வெளியேற்றுகிற உலோகத் துண்டு, தாங்கவில்லை. ஐசி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்து அணைந்து மறுபடி ஆன் ஆனது. நான் பயன்படுத்திய மாடலில் சூடு என்ற விஷயமே இல்லை. நான் கேட்காத கேள்விக்கு சிமுலேட்டர் எப்படிப் பதில் சொல்லும்? அன்று கற்றதைத்தான் இன்று என்னிடம் வருகிற ஒவ்வொரு மாணவரிடமும் சொல்கிறேன். சிமுலேஷனை ஓட்டுகிற ரன் பட்டனை அழுத்தும் முன் விடை என்ன வரும் என்று நோட்டில் எழுது.

மகளுக்கு ஒரு வேலை கொடுங்கள். இரண்டு பிசி 547 டிரான்சிஸ்டர், இரண்டு 47 கிலோ ஓம் ரெசிஸ்டர், இரண்டு 470 ஓம் ரெசிஸ்டர், மின்னேற்றத்தைச் சேர்த்து வைக்கிற 10 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் இரண்டு, இரண்டு எல்இடி, 5 வோல்ட். மாறி மாறி மினுக்குகிற விளக்கு, அவள் பாடத்திலேயே அஸ்டேபிள் என்ற பெயரில் இருக்கும். முதலில் நோட்டில் கணக்கு: ஒரு முழுச் சுற்றுக்கு சுமார் 0.65 விநாடி என்று புத்தகச் சூத்திரம் சொல்லும். அடுத்து சிமுலேஷன். இங்கே அவளுக்கு ஒரு அதிர்ச்சி காத்திருக்கிறது. பெரும்பாலும் விளக்கு மினுக்காது! இரண்டு பக்கமும் அச்சுப் பிசகாமல் ஒரே மாதிரி இருப்பதால், எந்தப் பக்கம் முதலில் அணைவது என்று தெரியாமல் இரண்டும் ஆன் ஆகியே நின்றுவிடும். நிஜ உலகில் இரண்டு டிரான்சிஸ்டர் ஒன்றுபோல் இருப்பதில்லை, அதனால் தானாகத் தொடங்கிவிடும். திரையில் ஒரு கெப்பாசிட்டருக்குத் தொடக்க வோல்ட்டேஜ் கொடுத்து லேசாகத் தள்ளிவிட வேண்டும். அதை அவளே கண்டுபிடிக்கட்டும், நீங்கள் சொல்லிவிடாதீர்கள். தொடங்கிய பிறகு வருகிற நேரம் 0.65-ஐ விடக் குறைவாக இருக்கும். எல்இடி தன் பங்குக்குக் கொஞ்சம் வோல்ட்டேஜை எடுத்துக்கொள்கிறது, சூத்திரத்துக்கு அது தெரியாது.

மூன்றாவது, பிரெட்போர்டு, அதாவது பாகங்களை ஒட்டாமல் செருகிப் பார்க்கிற பலகை. பாகங்களுக்கு சில நூறு ரூபாய் ஆகும், ஒரு மல்டிமீட்டரும் சேர்த்துக்கொள்ளுங்கள். சென்னை போகிறவர்கள் யாராவது இருந்தால் ரிச்சி தெருவில் எல்லாம் கிடைக்கும். கையில் செய்து பார்த்தால் நேரம் மறுபடியும் வேறாக வரும், ஏனென்றால் அந்த வகை கெப்பாசிட்டரில் எழுதியிருக்கிற அளவு 20 சதவீதம் வரை கூடக் குறைய இருப்பது சாதாரணம். நோட்டில் மூன்று எண்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும்: கணக்கில் வந்தது, திரையில் வந்தது, கையில் வந்தது. மூன்றும் ஏன் வேறுபடுகின்றன என்று இரண்டு வரி. இப்படி இருபது சர்க்யூட் எழுதிய நோட்டு ஒன்று இருந்தால், நேர்காணலில் எதிரே உட்காருகிறவர் அதைப் புரட்டிப் பார்க்காமல் விடமாட்டார். நானும் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். எந்த சாஃப்ட்வேர் தெரியும் என்று ஒரு நிமிடம் கேட்பேன், மீதி நேரமெல்லாம் ஒரு ரெசிஸ்டர், ஒரு கெப்பாசிட்டரைத் தாளில் வரைந்து, இங்கே என்ன வரும், ஏன் என்றுதான்.

லேபில் வோல்ட்டேஜின் ஏற்ற இறக்கத்தைத் திரையில் வரைந்து காட்டுகிற ஆசிலோஸ்கோப் ஒன்றுக்கு எட்டு பேர் என்று எழுதியிருந்தீர்கள். வருத்தமாகத்தான் இருக்கிறது. அந்தக் குறையைத்தான் சிமுலேஷன் ஓரளவு ஈடுகட்டுகிறது, அதுவும் செலவில்லாமல். அனலாக் டிவைசஸ் நிறுவனத்தின் எல்டிஸ்பைஸ் என்ற சிமுலேட்டர் இலவசம். ஐஐடி பம்பாயிலிருந்து வருகிற ஈசிம் (போன் சிம் இல்லை, இதுவும் சர்க்யூட் மென்பொருள்தான்) இலவசம். போர்டு வரையக் கிகேட் இருக்கிறது, அதற்குள்ளேயே சிமுலேட்டரும் உண்டு. சிப் பக்கம் போக ஆசைப்பட்டால் சிப்பின் சர்க்யூட்டை எழுத்தில் விவரிக்கிற வெரிலாக் என்ற மொழியை மூன்றாம் ஆண்டில் தொடங்கினால் போதும், அதற்கும் இலவசக் கருவிகள் உண்டு. பாடம் கேட்க ஐஐடி பேராசிரியர்களின் இணைய வகுப்பான என்பிடெல் இருக்கிறது. பயிற்சி நிலையம் காட்டுகிற கேடன்ஸ், சினாப்சிஸ் போன்ற நிறுவனங்களின் பெரிய சிப் வடிவமைப்புக் கருவிகள் விலை கூடியவைதான், வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது. ஆனால் ஒன்றிய அரசின் சிப்ஸ் டு ஸ்டார்ட்அப் திட்டத்தின் வழியாகச் சில கல்லூரிகளுக்கு அவை நேரடியாகக் கிடைக்கின்றன. மகளின் துறைத் தலைவரிடம் நேரில் போய்க் கேளுங்கள். தயங்க வேண்டாம், கட்டணம் கட்டுகிற பெற்றோருக்குக் கேட்கிற உரிமை உண்டு.

பயிற்சி நிலையங்கள் எல்லாமே மோசம் என்று நான் சொல்லவில்லை. நான்காம் ஆண்டு தொடங்கும்போது, எந்தப் பக்கம் போகிறாள் என்று தெளிவான பிறகு, குறிப்பிட்ட ஒரு பிரிவுக்குச் சேர்க்கலாம். அப்போதும் மூன்று கேள்வி கேட்டுவிட்டுச் சேருங்கள். கருவிக்கு முறையான லைசென்ஸ் இருக்கிறதா? ஒரு மாணவருக்கு வாரத்தில் எத்தனை மணி நேரம் தனிக் கணினி? போன வருடம் முடித்தவர்களில் இருவரிடம் நாங்களே போனில் பேசலாமா? மூன்றாவதுக்குச் சுற்றி வளைத்துப் பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். "வேலை கேரண்டி" என்று போர்டு வைத்திருந்தால் உள்ளே போகவே வேண்டாம்.

இந்த வாரம் அந்த இரண்டு விளக்கை மட்டும் செய்யச் சொல்லுங்கள். முடித்ததும் நோட்டுப் பக்கத்தைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பட்டும். திரையில் மினுக்காமல் நின்றதை அவள் எப்படிச் சரிசெய்தாள் என்பதை மறக்காமல் எழுதச் சொல்லுங்கள். அதைப் படித்துவிட்டு அடுத்த சர்க்யூட் எது என்று சொல்கிறேன்.