முதுகில் ஊசி போடலாமா? பினாங்கு பிறையில் லாரி ஓட்டும் அண்ணனுக்கு

அண்ணே, வணக்கம். இரண்டு வருட முதுகுவலி, கெண்டைக்கால் வரை இழுக்கிறது, எம்ஆர்ஐயில் டிஸ்க் (முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் மெத்தை) பிதுங்கி நரம்பை அழுத்துகிறது, டாக்டர் ஊசி போடலாம் என்கிறார், அண்ணியோ கால் விளங்காமல் போய்விடும் என்று பயப்படுகிறார். சரிதானே?

முதுகோடு நிற்கும் வலியைவிட, உங்களுடையது மாதிரி காலுக்கு இறங்கும் வலிக்குத்தான் இந்த ஊசி கொஞ்சம் கைகொடுக்கும். மரத்துப்போகும் மருந்தும், வீக்கம் குறைக்கும் ஸ்டீராய்டு மருந்தும் சேர்த்து, எக்ஸ்ரே திரையில் பார்த்தபடி நரம்புக்குப் பக்கத்தில் போடுவார்கள். பிதுங்கிய டிஸ்க்கை அது உள்ளே தள்ளாது, வீக்கத்தைத்தான் குறைக்கும். அண்ணி பயப்படுகிற ஆபத்து உண்டு, ஆனால் மிக அரிது.

நான் கோலாலம்பூரில் போட்டுக்கொண்டேன். இரண்டு மாதம் நிம்மதி, அப்புறம் வலி மெல்லத் திரும்பியது. வீண் என்று சொல்லமாட்டேன். அந்த இடைவெளியில்தான் பிசியோ பயிற்சியை ஒழுங்காகச் செய்ய முடிந்தது. ஊசி போட்டுவிட்டு மறுநாளே ஸ்டீயரிங் பிடிப்பதாக இருந்தால் காசுக்குத்தான் கேடு.

உங்களுக்கு இனிப்புநீர் (சர்க்கரை நோய்) இருக்கிறதே, அதைக் கட்டாயம் சொல்லுங்கள். ஸ்டீராய்டு சில நாள் சர்க்கரையை ஏற்றிவிடும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிட்டால் அதையும் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். தனியார் செலவு கட்டாது என்றால் கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதார கிளினிக்) கடிதம் வாங்கி, அரசு மருத்துவமனை வலி கிளினிக்குக்குப் போகலாம், காத்திருக்க வேண்டியிருக்கும்.

சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, உட்காரும் இடம் மரத்தாலோ, ஊசி யோசனையை விட்டுவிட்டு நேரே எமர்ஜென்சிக்கு ஓடுங்கள்.