மவுஸை எடுத்து வைத்துவிட்டு ஒரு டி.சி. போட்டுப் பாருங்கள்

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்துகிறோம். இரண்டு கண்ணும் தெரியாத தம்பி ஒருவரை டி.சி. (சரக்கோடு அனுப்பும் டெலிவரி சலான்) போடும் வேலைக்கு எடுத்தோம். திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் என்விடிஏ வைத்துக்கொண்டு எக்செல்லில் வேகமாக வேலை செய்கிறார். பிரவுசரில் ஓடும் எங்கள் ஆபீஸ் சாஃப்ட்வேரில் மட்டும் தடுமாறுகிறார். செய்து கொடுத்தவர்களைக் கேட்டால், முழுசாக மாற்றி எழுத வேண்டும் என்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: முழுசாக மாற்ற வேண்டியதில்லை. அவர் நாள் முழுக்கப் புழங்குவது மூன்று நான்கு திரைகளில்தான். அவற்றை முதலில் சரிசெய்தால் போதும்.

ஒரு காலை நேரம் அவர் பக்கத்தில் உட்காருங்கள். மானிட்டரை அணைத்துவிட்டு, அவர் கேட்பதை நீங்களும் கேளுங்கள். மேலே இருக்கும் சேவ், பிரிண்ட், டெலீட் படங்கள் மூன்றும் அவருக்கு “பட்டன், பட்டன், பட்டன்” என்றுதான் கேட்கும். படத்துக்குப் பின்னால் பெயர் எழுதாமல் விட்டதுதான் காரணம். எழுதுவது ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி வேலை.

இப்படியே விட்டால் என்ன ஆகும் என்பதை ஈரோட்டில் ஒரு அலுவலகத்தில் பார்த்தேன். அங்கே ஒரு பெண், சேவ் எங்கே இருக்கிறது என்பதை, அடுத்த பட்டனுக்குத் தாவ உதவும் டாப் (Tab) கீயை எத்தனை தடவை அழுத்த வேண்டும் என்று எண்ணி மனப்பாடம் செய்து வைத்திருந்தார். ஒரு அப்டேட்டில் புதிதாக ஒரு பட்டன் நுழைந்தது. எண்ணிக்கை ஒன்று தள்ளிப்போய், அன்று போட்ட பதிவெல்லாம் அழிந்தது. திட்டு வாங்கியது அவர். இன்றுவரை எனக்கு அது ஆறவில்லை.

உங்கள் தொழிலில் பெரிய சிக்கல் சைஸ் கட்டம்தான். கலர் கீழே கீழே, சைஸ் பக்கவாட்டில். கண்ணால் பார்க்கிறவருக்கு நேவி வரிசையில் எல் எது என்று உடனே தெரியும். அவருக்கு ஒவ்வொரு கட்டத்திலும் “எடிட், பிளாங்க்” என்று மட்டும் கேட்கும். 24 கட்டம் இருந்தால் 24 தடவையும் அதேதான். ஒவ்வொரு கட்டத்துக்கும் “நேவி, எல், பீஸ்” என்று பெயர் கொடுக்கச் சொல்லுங்கள். தேதியைக் காலண்டரில் கிளிக் செய்ய மட்டும் வைக்காமல், டைப் செய்யவும் விட வேண்டும். தப்பான கட்டத்தைச் சிவப்பாக்கினால் போதாது. எது தப்பு என்று எழுத்தில் வர வேண்டும், வந்ததும் தானாக வாசிக்கப்பட வேண்டும். சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாதவர்களுக்கும் இது உதவும்.

இன்னொன்று, பலரும் கவனிக்காதது. பார்ட்டி பெயர்களைப் பழைய பாமினி எழுத்துருவில் ஏற்றி வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். திரையில் ‘மில்’ என்று தெரிவது, உள்ளே கே, பி, ஒய், அரைப்புள்ளி என்ற நாலு ஆங்கிலக் குறிகள்தான். என்விடிஏ அதைத் தமிழாக வாசிக்கவே முடியாது. தமிழ் எழுத்தைத் தமிழ் எழுத்தாகவே சேமிக்கும் யூனிகோடுக்கு மாற்றியே ஆக வேண்டும். மாற்றிக் கொடுக்கும் கருவிகள் இலவசமாகவே இருக்கின்றன. என்விடிஏவும் இலவசம்தான், அதனால் சாஃப்ட்வேர்காரர்கள் தங்கள் கம்ப்யூட்டரிலேயே போட்டுச் சோதிக்கலாம்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ன் 21-ஆம் பிரிவுப்படி, சம வாய்ப்புக் கொள்கையைத் தனியார் நிறுவனங்களும் எழுதி வைக்க வேண்டும். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமானால், என்னென்ன வசதி செய்து தருகிறீர்கள் என்பதும் அதில் இருக்க வேண்டும்.

சாஃப்ட்வேர்காரர்களோடு அடுத்த ஏ.எம்.சி. (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) போடும்போது ஒரு வரி சேருங்கள்: மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி இணையப் பக்கங்களை அமைப்பதற்கான டபிள்யூசிஏஜி (WCAG) 2.1 விதிமுறையின் ஏஏ நிலைக்குப் பொருந்த வேண்டும், எந்த அப்டேட்டும் கீபோர்டை மட்டும் வைத்துச் சோதித்த பிறகே வர வேண்டும். கடைசிச் சோதனை அந்தத் தம்பி கையில் நடக்கட்டும். அந்த நேரத்தை அவருடைய வேலை நேரமாகவே எழுதுங்கள். அன்றைக்கு டி.சி. எண்ணிக்கை குறைந்தால் அவரிடம் ஏன் என்று கேட்காதீர்கள்.