கலிபோர்னியாவில் கான்ட்ராக்டருக்குப் பணம் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே டைல்ஸ் கடைக்காரர் நமக்கு நோட்டீஸ் அனுப்புவது மிரட்டலா?

மிரட்டல் இல்லைங்க. நானும் இங்கே டைல்ஸ் கடை வைத்திருப்பவன்தான், இதே நோட்டீஸை வாராவாரம் அனுப்புகிறேன். கான்ட்ராக்டருக்கு நீங்கள் முழுப் பணமும் கொடுத்திருந்தாலும், நோட்டீஸ் அனுப்பியவருக்குப் பணம் போய்ச் சேராவிட்டால் உங்கள் வீட்டின் மேல் லீன் (பணம் வர வேண்டியவர் அந்த வீட்டின் மேல் பதிகிற பாக்கி உரிமை) விழலாம் என்று அதில் ஒரு பத்தி இருக்கும். படித்ததும் வயிற்றைக் கலக்கும்தான். ஆனால் அது கடைக்காரர் எழுதியது இல்லை, சட்டமே போடச் சொல்கிற வாசகம். சரக்கு இறக்க ஆரம்பித்த 20 நாளுக்குள் அனுப்பினால்தான் எங்களுக்கு முழு உரிமை. அதனால் கான்ட்ராக்டர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் எல்லா வேலைக்கும் அனுப்புகிறோம்.

ஒரு தமிழர் வீட்டு வேலை. சமையலறை, இரண்டு குளியலறை, எல்லாவற்றுக்கும் என் கடை டைல்ஸ். டிரைவ்வேயில் பெட்டிகளை இறக்கியபோது ரசீதில் கையெழுத்துப் போட்டதே வீட்டம்மாதான். நோட்டீஸ் போய்ச் சேர்ந்த அன்றே வீட்டுக்காரர் போனில் கத்தினார், "நம்ம ஆள்னு வந்தா இப்படிப் பண்றீங்களே" என்று. வேலை முடிந்தது. கான்ட்ராக்டர் அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று இழுத்தார், அப்புறம் போனை எடுப்பதே இல்லை. வேலை முடிந்த 90 நாளுக்குள் பதிய வேண்டும் என்பதால் சொத்து ஆவணங்களைப் பதிகிற கவுண்டி ரெகார்டர் அலுவலகத்தில் லீனைப் பதிந்தேன். வீட்டுக்காரர் ரீஃபைனான்ஸுக்கு, அதாவது பழைய வீட்டுக் கடனை அடைத்துப் புதுக் கடன் வாங்கப் போனபோது, சொத்தில் வில்லங்கம் பார்க்கிற டைட்டில் கம்பெனி அந்த லீனைக் காட்டி நிறுத்திவிட்டது. அவர் பிடித்த பிடியில் கான்ட்ராக்டர் எனக்குப் பணம் கட்டினார், நானும் உடனே லீனை விடுவித்துக் கொடுத்தேன்.

வீட்டுக்காரர் இரண்டு தடவை பணம் கட்டுவதா, இது அநியாயம் என்று கீழே சிலர் எழுதுவீர்கள். அவர் நிலைமை எனக்கும் புரிகிறது. ஆனால் சுவரில் ஒட்டிய டைல்ஸை நான் பெயர்த்துக்கொண்டு வர முடியாது, அதனால் அந்த வீட்டின் மதிப்பு மட்டும் கூடியிருக்கிறது. இந்த உரிமை கலிபோர்னியாவின் அரசியலமைப்பிலேயே இருக்கிறது. பதிந்தால் போதும் என்றும் இல்லை, 90 நாளுக்குள் வழக்குப் போடாவிட்டால் அந்த லீன் செல்லாது. நினைத்த நேரத்துக்கெல்லாம் வீட்டைப் பிடுங்கிவிட முடியாது.

  

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். அந்த நோட்டீஸைப் பத்திரமாக வையுங்கள், உங்கள் வீட்டுக்கு யார் யார் சரக்கு தருகிறார்கள் என்பது உங்களுக்கு வேறு எப்படித் தெரியும்? ஒவ்வொரு தவணைக்கும் முன்னால் கடைக்காரரிடமிருந்து கண்டிஷனல் வெய்வர் (பணம் வந்து சேர்ந்தால் லீன் உரிமையை விட்டுவிடுகிறேன் என்று எழுதிக் கொடுப்பது) வாங்கித் தரும்படி கான்ட்ராக்டரிடம் கேளுங்கள். கடைக்காரர் கைக்குப் பணம் போனதும் நிபந்தனை இல்லாமல் உரிமையை விட்டுவிட்டேன் என்கிற அன்கண்டிஷனல் வெய்வர் வாங்குங்கள். இதற்கெல்லாம் சட்டத்திலேயே தனித்தனிப் படிவம் இருக்கிறது. கான்ட்ராக்டர் மேல் சந்தேகம் என்றால் அவர் பெயரும் கடையின் பெயரும் சேர்ந்த ஜாயின்ட் செக் கொடுங்கள். வேலை முடிந்த 15 நாளுக்குள், வேலை முடிந்துவிட்டது என்று அறிவிக்கிற நோட்டீஸ் ஆஃப் கம்ப்ளீஷனை அதே ரெகார்டர் அலுவலகத்தில் பதிந்தால் எங்களைப் போன்றவர்களுக்கு லீன் பதிய 30 நாள்தான் கிடைக்கும். கடைக்காரன் நானே இதைச் சொல்கிறேன், செய்யுங்கள்.