ஆடிட்டர் பதில்கள்: சமையல் வலைப்பூவுக்கு லிமிடெட் கம்பெனி வேண்டுமா?

கேள்வி: ஆறு வருடமாகச் சமையல் வலைப்பூ எழுதுகிறேன். கூகுள் விளம்பரம், அமேசான் கமிஷன் இரண்டும் சேர்ந்து மாதம் சராசரியாக 58,000 ரூபாய் வருகிறது. படம் எடுத்துத் தரும் தோழி கூட்டாகச் சேர விரும்புகிறாள். இப்போது ஒரு மசாலா நிறுவனம் ஆறு பதிவுகளுக்கு 3 லட்சம் ரூபாய் என்று ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறது. "கேஸ் கீஸ் வந்தால் வீடு போய்விடும், லிமிடெட் கம்பெனி ஆரம்பி" என்கிறார் அண்ணன். வீடு என் பெயரில்தான் இருக்கிறது. இன்னொருவர் அமெரிக்காவில் வயோமிங் மாநிலத்தில் எல்எல்சி (அந்நாட்டு வகை லிமிடெட் நிறுவனம்) தொடங்கச் சொல்கிறார். ஒப்பந்தத்தை இணைத்திருக்கிறேன். எது சரி?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல்

பதில்: உங்கள் ஒப்பந்தத்தை இரண்டு முறை படித்தேன். நீங்கள் பயப்பட வேண்டிய இடம் அதன் ஏழாம் பக்கத்தில் இருக்கிறது. "பதிவினால் எழும் எல்லா வழக்கு, நஷ்டம், செலவுகளையும் எழுதுபவரே வரம்பின்றி ஏற்க வேண்டும்" என்று ஒரு வரி. கம்பெனி பற்றி யோசிக்கும் முன்னால் அந்த வரியை மாற்றச் சொல்லுங்கள். "எழுதுபவரின் மொத்தப் பொறுப்பு இந்த ஒப்பந்தத் தொகைக்கு மேற்படாது" என்று எழுதி வாங்குங்கள். ஒரு ரூபாய் செலவில்லாமல், அவர்கள் கேட்கக்கூடிய தொகை 3 லட்சத்தோடு நின்றுவிடும். கேட்டால் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். நம்மவர்கள்தான் கேட்பதில்லை.

இப்போது அண்ணன் சொன்னதற்கு வருகிறேன். லிமிடெட் என்பது ஒரு சுவர்தான். கம்பெனி வாங்கிய கடன், கம்பெனி செய்த ஒப்பந்தம் இவற்றால் வரும் நஷ்டம் அந்தச் சுவரைத் தாண்டி உங்கள் வீட்டுக்கு வராது. ஆனால் எழுத்து உங்கள் கை எழுதுவது. இன்னொருவரின் படத்தை அனுமதியில்லாமல் போட்டாலும், ஒரு ஹோட்டலைப் பற்றி அவதூறாக எழுதினாலும், வழக்கு எழுதியவர் மீதும் வரும். கம்பெனி இருந்தாலும் அதில் நீங்கள் தப்ப முடியாது. விளம்பரப் பதிவும் அப்படியே. 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறான விளம்பரத்துக்குப் பரிந்துரை செய்தவருக்கே 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. உங்கள் ஒப்பந்தத்தின் இரண்டாம் பக்கத்தில், இந்த மசாலா "சர்க்கரையைக் குறைக்கும்" என்று எழுதச் சொல்லியிருக்கிறார்கள். அதற்கான ஆய்வு அறிக்கையைக் கேளுங்கள். தராவிட்டால் அந்த வரியை எழுதாதீர்கள், பணம் போனாலும் பரவாயில்லை. வங்கிக் கடனிலும் சுவர் பாதிதான். சின்ன கம்பெனிக்குக் கடன் தரும்போது டைரக்டரிடம் தனிப்பட்ட ஜாமீன் கையெழுத்து வாங்கிவிடுவார்கள்.

வரிக் கணக்கைப் பாருங்கள். வருடம் சுமார் 7 லட்சம், மசாலா ஒப்பந்தத்தோடு 10 லட்சம். புதிய வரிமுறையில் 2025-26 முதல் 12 லட்சம் வரை உங்களுக்கு வரியே வராது. இதே வருமானம் எல்எல்பி, அதாவது கூட்டாளிகளின் பொறுப்புக்கு வரம்புள்ள கூட்டு நிறுவனம் வழியாக வந்தால், கூட்டாளிகளுக்குச் சட்டம் அனுமதிக்கும் சம்பளம் போக மிஞ்சும் லாபத்துக்கு முதல் ரூபாயிலிருந்தே 30 சதவீதம், செஸ் தனி. ஒருநபர் கம்பெனி என்றால் வரவு எவ்வளவு குறைவாக இருந்தாலும் ஆடிட் கட்டாயம், வாரிசாக ஒரு நாமினியின் சம்மதமும் வேண்டும்.

ஆண்டுப் படிவங்கள்தான் எல்லோரும் மறக்கும் இடம். என்னிடம் வந்த இரண்டு நண்பர்கள் பயண வலைப்பூவுக்குப் பிரைவேட் லிமிடெட் பதிவு செய்தார்கள். விசிட்டிங் கார்டு அடித்த உற்சாகம் எட்டு மாதம் இருந்தது. பிறகு எழுதுவது நின்றது, கம்பெனி மட்டும் நிற்கவில்லை. வருடாந்திரப் படிவங்கள் இரண்டுக்கும் தாமதக் கட்டணம் நாளுக்குத் தலா 100 ரூபாய், அதற்கு உச்சவரம்பும் இல்லை. ஒரு வருடம் விட்டால் 73,000 ரூபாய். மூடுவதற்கு வந்தபோது அவர்களில் ஒரு பையன் தன் பைக்கை விற்றுவிட்டுத்தான் வந்திருந்தான். அந்த முகம் மறக்காததால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

வயோமிங் வேண்டவே வேண்டாம். எல்எல்சி சட்டத்தை 1977-ல் முதலில் கொண்டுவந்த மாநிலம் அது, அங்குள்ளவர்களுக்கு நல்ல ஏற்பாடு. நீங்கள் திண்டுக்கல்லில் உட்கார்ந்து எழுதுகிறீர்கள். இங்கே வசிப்பவர் உலகில் எங்கே சம்பாதித்தாலும் இங்கே வரி. அந்த எல்எல்சியை உங்கள் வருமானவரிப் படிவத்தில் வெளிநாட்டுச் சொத்தாகக் காட்ட வேண்டும், மறைத்தால் கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் அபராதத்துக்கு இடமுண்டு. அமெரிக்காவிலும், வெளிநாட்டவர் ஒருவரே வைத்திருக்கும் எல்எல்சி 5472 என்ற படிவத்தைத் தாக்கல் செய்யாவிட்டால் அபராதம் 25,000 டாலர். விற்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

ஆகவே இப்போதைக்குத் தனிநபர் தொழிலாகவே நடத்துங்கள். சிறுதொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இலவசம், ஆதாரை வைத்து நீங்களே செய்யலாம். தொழிலுக்கென்று தனி வங்கிக் கணக்கு ஒன்று.

தோழி உண்மையிலேயே லாபத்தில் பங்காளியாக வருகிறார் என்றால் அப்போது எல்எல்பி சரியான வழி. வெறும் வாய்ப்பேச்சில் கூட்டு சேர்ந்தால் அது சாதாரணக் கூட்டு வியாபாரமாகிவிடும். தொழிலுக்காக அவர் வாங்கிய கடனுக்கும் உங்கள் வீடு பதில் சொல்ல வேண்டிவரும். அண்ணனின் பயம் நியாயமாவது இங்கேதான். எல்எல்பி பதிவான 30 நாளுக்குள் கூட்டு ஒப்பந்தத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். அதில் ஆறு வருடப் பழைய பதிவுகள் யாருடையவை என்பதைத் தெளிவாக எழுதுங்கள். பதிவுகளின் உரிமையை எல்எல்பிக்கு மாற்றுவதானால் காலத்தையும் எல்லையையும் குறிப்பிட வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் பதிப்புரிமைச் சட்டப்படி ஐந்து வருடம்தான், எல்லை சொல்லாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். தோழி எடுத்த படங்களுக்கும் இதே விதி. டொமைன், அதாவது வலைப்பூவின் இணைய முகவரி, யார் மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறது என்றும் இன்றே பாருங்கள். தளம் செய்து கொடுத்தவர் தன் பெயரிலேயே வைத்திருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கேள்வி: தொழில்நுட்ப வலைப்பூவில் என் வருட வரவு 20 லட்சத்தை நெருங்குகிறது. பெரும்பகுதி சிங்கப்பூரிலிருந்து வரும் கூகுள் பணம். ஏற்றுமதிக்கு ஜிஎஸ்டி இல்லை என்கிறார்களே, பதிவு தேவையா?
- வாசகர், நாகர்கோவில்

பதில்: 20 லட்சத்தைத் தாண்டினால் தேவை. ஏற்றுமதிக்கு வரி பூஜ்யம் என்பது சரி, ஆனால் 20 லட்சம் வரம்பைக் கணக்கிடும்போது ஏற்றுமதி வரவும் சேரும். வரம்பைத் தாண்டிய 30 நாளுக்குள் விண்ணப்பியுங்கள். பதிவானதும் எல்யூடி என்ற உறுதிக் கடிதத்தை இணையத்தில் தாக்கல் செய்துவிட்டால் கூகுள் பணத்துக்கு வரி கட்ட வேண்டியதில்லை. ஒவ்வொரு நிதியாண்டும் புதிதாகச் செய்ய வேண்டும், மார்ச் மாதமே நாட்காட்டியில் குறித்து வையுங்கள். இந்திய நிறுவனங்கள் தரும் கமிஷனுக்கு மட்டும் 18 சதவீதம் போட்டு பில் கொடுங்கள். வெளிநாட்டுப் பணம் வந்ததற்கு வங்கி தரும் சான்றை மாதாமாதம் வாங்கி ஒரே கோப்பில் வையுங்கள், நோட்டீஸ் வந்தால் முதலில் கேட்பது அதைத்தான்.