அடோபி ஆர்ஜிபி என்ற அகன்ற வண்ணவெளியில் (எண்கள் எந்தெந்த நிறங்களைக் குறிக்கும் என்ற வரையறை) சேமித்த படம் இணையத்தில் வெளிறுவது ஏன்?

கோப்பில் இருக்க வேண்டிய வண்ணச் சுயவிவரம், அதாவது எண்களை எந்த வண்ணவெளியில் படிப்பது என்று சொல்லும் குறிப்பு, விடுபட்டிருக்கும். அது இல்லாவிட்டால் உலாவி நிற எண்களை இணையத்தின் வழக்கமான, குறுகிய வண்ணவெளியான எஸ்ஆர்ஜிபியாகவே படிக்கும். எஸ்ஆர்ஜிபியில் 255 என்று எழுதப்படும் தூய சிவப்பு, அடோபி ஆர்ஜிபியில் ஏறத்தாழ 219 தான். அந்த 219 அப்படியே எஸ்ஆர்ஜிபியாகப் படிக்கப்பட்டால் சிவப்பு மங்காமல் என்ன செய்யும்? இணையப் பிரதியை எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றி, சுயவிவரத்தோடு ஜேபெக்காக ஏற்றுங்கள். சுயவிவரத்தின் பெயரை மட்டும் மாற்றி ஒட்டுவது மாற்றம் ஆகாது.

திருத்தும் வேலைக்கு 16 பிட் டிஃப் (TIFF) கோப்பே என் தேர்வு. 8 பிட்டில் ஒரு வண்ணத்துக்கு 256 படிகள்தான். அவற்றைப் புரோஃபோட்டோ போன்ற மிக அகன்ற வண்ணவெளியில் பரப்பி நிறத்தைக் கூட்டிக் குறைத்தால், அந்தி வானம் பட்டை பட்டையாகப் பிரிந்துவிடும்.

ரா கோப்பை (கேமரா உணரியின் மூலத் தரவை) எக்காரணம் கொண்டும் அழிக்காதீர்கள். கேமராவில் நீங்கள் தேர்ந்தெடுக்கும் வண்ணவெளி அதிலுள்ள உணரித் தரவைத் தொடுவதே இல்லை. எந்த வெளிக்கும் அதிலிருந்து புதிதாகத் தொடங்கலாம்.