டானி டானரைப் போல் ஓர் அப்பா

கேள்வி: வணக்கம் அக்கா. எனக்கு 41 வயது. ஏழு வயதில் அம்மாவோடும் அண்ணாவோடும் கனடாவுக்கு வந்தேன். அப்பா எங்களுக்கு முன்பே வந்து இரண்டு வேலை செய்துகொண்டிருந்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அண்ணாவும் நானும் ‘ஃபுல் ஹவுஸ்’ என்ற அமெரிக்க நகைச்சுவைத் தொடரைப் பார்ப்போம். எங்களுக்கு ஆங்கிலமே அதில்தான் பிடிபட்டது. போன மாதம் என் ஒன்பது வயது மகளோடு அதை முதலிலிருந்து பார்க்கத் தொடங்கினேன். அவள் “ஆரம்மா இப்பிடிச் சிரிக்கிறது?” என்று கேட்டுவிட்டு, கொஞ்ச நேரத்தில் எழுந்து போய்விட்டாள். எனக்கும் பகிடிகள் சப்பென்றுதான் இருக்கின்றன. ஆனால் அதில் வரும் அப்பா டானி மகளின் கட்டிலில் இருந்து கதைக்கும் இடம் வந்தால் அழுகை வருகிறது. சின்ன வயதில் ஒருநாள் அப்பாவிடம், “நீங்கள் ஏன் டானியைப் போல இல்லை?” என்று கேட்டிருக்கிறேன். அவர் பதில் சொல்லவில்லை. இப்போது அவருக்கு 74 வயது, எங்களோடுதான் இருக்கிறார். அவரைப் பார்க்கும்போது கோபமும் வருகிறது, கேட்டதை நினைத்து வெட்கமும் வருகிறது. “அதைத் தோண்டாதே, நல்ல ஞாபகமாகவே இருக்கட்டும்” என்கிறார் அண்ணா. தொடர்ந்து பார்க்கவா, விட்டுவிடவா?
ச., ஸ்காபரோ

பதில்: அன்புள்ள தங்கச்சி,

பாருங்கள், விட வேண்டாம். ஆனால் மகளைப் பிடித்து இருத்தி வைத்துப் பார்க்காமல், கொஞ்ச நாளைக்குத் தனியாகப் பாருங்கள்.

பகிடி விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். பார்க்காதவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன்: மனைவியை இழந்த டானி டானர், மைத்துனன் ஜெஸி, சிநேகிதன் ஜோயி மூவரும் சேர்ந்து டானியின் பிள்ளைகள் டிஜே, ஸ்டெஃபனி, மிஷெல் மூவரையும் வளர்ப்பதுதான் கதை. 1987 செப்டெம்பரில் ஏபிசி தொலைக்காட்சியில் தொடங்கி 1995 மே வரை எட்டுப் பருவங்கள், 192 பகுதிகள் ஓடிய தொடர் இது. சனங்கள் விரும்பிப் பார்த்தார்கள். விமர்சகர்கள் பெரும்பாலும் தித்திப்புக் கூடிவிட்டது என்று ஒதுக்கினார்கள். இரண்டு பக்கமும் சொன்னது சரிதான். குடும்பத்தில் எல்லோரும் ஒன்றாக இருந்து பார்க்க வேண்டும் என்றே எழுதப்பட்டது அது. நாலு வயதுப் பிள்ளைக்கும் விளங்க வேண்டும், அப்பம்மாவுக்கும் விளங்க வேண்டும். ஜோயி கார்ட்டூன் குரலில் பேசுவதற்கும், மிஷெல் பெருவிரலைத் தூக்கிக் காட்டுவதற்கும் சிரிக்க ஆங்கிலம் அவ்வளவு தேவைப்படவில்லை. வந்த புதிதில் வகுப்பில் யார் என்ன சொல்கிறார்கள் என்று விளங்காமல் இருந்த உங்களுக்கு, வீட்டுக்கு வந்ததும் எல்லாம் விளங்குகிற ஒரு அரை மணி நேரம் கிடைத்தது. அது எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்திருக்கும்! அந்த எளிமை 41 வயதில் சப்பென்று தெரிகிறது என்பதற்காக, ஏழு வயதில் நீங்கள் ஏமாந்துபோனீர்கள் என்று நினைக்க வேண்டியதில்லை.

யார் சிரிக்கிறார்கள் என்று மகள் கேட்டது நல்ல கேள்வி. அதற்கு ஒழுங்காகப் பதில் சொல்லுங்கள். ஸ்டூடியோவில் உண்மையான ஆட்களை வரிசையாக இருத்தி, அவர்கள் முன்னால் மேடை நாடகம் போல் நடித்து, ஒரே நேரத்தில் பல கமராக்களால் பிடிக்கிற முறை அது. நடிகர் ஒரு வரியைச் சொல்லிவிட்டுச் சிரிப்பு அடங்கும்வரை காத்து நிற்பார். பிறகு ஒலியைச் சேர்க்கும்போது அந்தச் சிரிப்பைக் கூட்டவும் குறைக்கவும் செய்வார்கள். இப்போது வருகிற பல தொடர்களில் அந்தக் காத்திருப்பே கிடையாது. அவற்றைப் பார்த்துப் பழகிய காதுக்கு அது வெற்றிடமாகத்தான் கேட்கும். மிஷெலாக நடித்தது ஒரு பிள்ளை இல்லை, இரட்டையர் என்பதையும் சொல்லிப் பாருங்கள். கைக்குழந்தைகளை இவ்வளவு நேரம்தான் படப்பிடிப்பில் வைத்திருக்கலாம் என்று சட்டம் இருப்பதால், மேரி கேட், ஆஷ்லி ஓல்சன் இருவரையும் மாற்றி மாற்றி நடிக்க வைத்தார்கள். ஆனால் கடைசிப் பருவத்துக்கு முன்புவரை இரண்டு பெயரையும் ஒரே ஆளின் பெயர் போலச் சேர்த்துத்தான் திரையில் போட்டார்கள். இந்தக் காட்சியில் நிற்பது எந்தப் பிள்ளை என்று கண்டுபிடிக்கிற ஆசையில் உங்கள் மகள் மறுபடி வந்து இருந்தாலும் இருப்பாள். வராவிட்டால் விடுங்கள். அவளுக்கென்று ஒரு தொடர் இருக்கும். அதில் நீங்கள் போய் இருங்கள்.

இனி உங்கள் விஷயத்துக்கு வருகிறேன்.

முதல் பகுதியைத் திரும்பப் பார்த்தீர்கள் அல்லவா, அதில் என்ன நடக்கிறது? உதவிக்கு வந்து நின்ற டானியின் அம்மா தன் வீட்டுக்குத் திரும்பிப் போகிறார். டிஜே தன் அறையை ஸ்டெஃபனியோடு பங்குபோட மாட்டேன் என்று கோபித்துக்கொண்டு கராஜுக்குக் குடிபோகிறாள். ஜெஸியும் ஜோயியும் மிஷெலுக்கு நாப்பி மாற்றத் தெரியாமல் தடுமாறுகிறார்கள். சின்ன வயதில் நமக்கு அந்த நாப்பி மட்டும்தான் தெரிந்தது. இப்போது பார்த்தால் அது செத்த வீடு முடிந்து, வந்த சனம் எல்லாம் கலைந்துபோன ஒரு வீடு. அந்தப் பிள்ளைகளின் அம்மா பமேலாவைக் குடித்துவிட்டு வாகனம் ஓட்டிய ஒருவர் மோதிக் கொன்றிருக்கிறார். தொடர் அதைப் பெரிதாகப் பேசுவதில்லை, அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் வெளியே வரும். கடைசிப் பருவத்தில் சிநேகிதி கிம்மி குடித்துவிட்டு வாகனத்தை எடுக்கப் போகும்போது டிஜே அவ்வளவு ஆத்திரப்படுகிறாளே, ஏன் என்று நினைக்கிறீர்கள்? அம்மாதான் காரணம். பிள்ளையாக இருந்தபோது அந்தக் கோபம் உங்களுக்கு விளங்கியிருக்காது.

இன்னொன்றையும் கவனியுங்கள். தொடர் தொடங்கியபோது டானியாக நடித்த பொப் சாகெட்டுக்கு வயது 31. ஜோயியாக நடித்த டேவ் கூலியேவுக்கு 28. ஜெஸியாக நடித்த ஜோன் ஸ்டேமோஸுக்கு 24. நீங்கள் அப்போது அண்ணாந்து பார்த்த பெரிய ஆட்கள் எல்லோரையும்விட இப்போது நீங்கள் மூத்தவர். 24 வயதுப் பையன் ஒருவன் இசைக்குழு, மோட்டார் சைக்கிள் என்று திரிந்த வாழ்க்கையை ஓரமாக வைத்துவிட்டு, செத்துப்போன அக்காவின் பிள்ளைகளுக்காக வந்து நிற்கிறான். அமெரிக்கப் பார்வையாளர்களுக்கு மூன்று ஆண்கள் சேர்ந்து மூன்று பெண்பிள்ளைகளை வளர்ப்பதே பெரிய வேடிக்கை. அந்த வேடிக்கையை நம்பித்தான் தொடரையே தொடங்கினார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு அதில் என்ன புதினம்? தாய்மாமன் வராமல் வேறு யார் வருவது? நாங்கள் கனடாவுக்கு வந்த காலத்தில், இரண்டு அறை அபார்ட்மெண்டில் ஹோலில் ஒரு சித்தப்பா, சோபாவில் அப்பாவின் ஊர்ச் சிநேகிதர், புதிதாக வந்திறங்கிய யாரோ ஒரு தம்பி என்று ஆள் மாறி ஆள் படுத்திருந்த வீடுகள் எத்தனை! மற்ற நாடகங்களில் வந்த வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு அறை இருந்தது. இந்த வீட்டில் இருக்கிற இடத்தைப் பங்குபோட்டார்கள், கராஜையும் மேல்மாடியையும் அறையாக்கினார்கள், வந்தவர் யாரும் போகவில்லை. சான் பிரான்சிஸ்கோவில் இருந்த அந்த வீட்டுக்குள் உங்கள் வீட்டைப் பார்த்துத்தான் நீங்கள் அதன் முன்னால் போய் இருந்தீர்கள் என்று நினைக்கிறேன். அந்த ரசனையில் ஒரு குறையும் இல்லை.

அப்புறம் அந்தக் கட்டில்.

பகுதி முடியப்போகும் நேரம் மெதுவாக இசை எழும்பும். டானி வந்து கட்டில் ஓரத்தில் இருப்பார். பிள்ளை சொல்வதை முழுக்கக் கேட்பார். தன் பக்கம் பிழை இருந்தால் ஒத்துக்கொள்வார், கட்டிப்பிடிப்பார். அது உங்களுக்கு வேண்டியிருந்தது, கிடைக்கவில்லை. இதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடலாம். அப்பாவுக்கு வேலை இருந்தது, கஷ்டம் இருந்தது, நாட்டில் சண்டை இருந்தது, எல்லாம் உண்மை. அதற்காக அந்தப் பிள்ளைக்கு ஒரு குறையும் இருக்கவில்லை என்று ஆகிவிடாது. இரண்டு வேலை செய்துகொண்டே பிள்ளைகளோடு வாயாரக் கதைத்த அப்பாமார்களும் இருந்தார்கள். ஆகவே உங்கள் கோபத்தை வெட்கத்தால் மூடி மறைக்காதீர்கள்.

ஆனால் யாரோடு யாரை ஒப்பிட்டீர்கள் என்று இப்போது நிதானமாகப் பார்க்க முடியும். டானி சொல்லும் ஒவ்வொரு வார்த்தையும் ஒரு எழுத்தாளர் குழு இருந்து யோசித்து, திருத்தி, ஒத்திகை பார்த்த பிறகு வந்தது. அவருக்கு வேலை தொலைக்காட்சியில், இரவுச் சாப்பாட்டு நேரத்துக்கு வீட்டில் இருப்பார். பிள்ளைகளைப் பார்க்க இன்னும் இரண்டு பேர் வீட்டோடு இருந்தார்கள். வாடகை, ஊருக்கு அனுப்ப வேண்டிய காசு, இன்னும் வந்து சேராத சொந்தக்காரர் என்ற கவலை ஒன்றும் அந்தக் கதையில் இல்லை. அந்த வார்த்தைகளைப் பேசிய பொப் சாகெட்டுக்குக்கூட வாழ்க்கை அப்படி இருக்கவில்லை. அவருடைய அக்கா கே, ஸ்கிளிரோடெர்மா என்ற நோயால் 47 வயதில் இறந்தது 1994இல், தொடர் ஓடிக்கொண்டிருந்தபோதே. அந்தத் துக்கத்தை அவர் 1996இல் ஒரு தொலைக்காட்சிப் படமாக இயக்கினார். 2022 ஜனவரியில் தான் இறக்கும்வரை அந்த நோய்க்கான ஆராய்ச்சிக்கு நிதி சேர்த்துக்கொண்டே இருந்தார். திரையில் 22 நிமிடத்தில் ஆற்றிவிடுகிற காயத்தை வெளியே அவர் இத்தனை வருடம் சுமந்திருக்கிறார். இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் அந்தக் கட்டில் காட்சிகள் எனக்கு இன்னும் பிடிக்கின்றன.

உங்கள் அப்பாவுக்கு அப்படி யாரும் கதைத்துக் காட்டியிருக்க மாட்டார்கள். பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்கிற அப்பாவை அவர் எங்கே பார்த்திருப்பார்? நீங்கள் பார்த்தீர்கள், அதுவும் ஒவ்வொரு நாளும் பள்ளிக்கூடம் விட்டு வந்து. மகள் எழுந்து போனபோது நீங்கள் அவளை ஏசாமல், எனக்கு ஏன் அழுகை வருகிறது என்று யோசித்துக் கடிதம் எழுதியிருக்கிறீர்கள். கதைப்பதற்கு அவள் கட்டில் ஓரத்தில் போய் இருக்கிற ஆள்தான் நீங்கள் என்று எனக்குத் தெரிகிறது. அதில் கொஞ்சம் அந்தத் தொடரிலிருந்து வந்தது என்றால், அதை நன்றியோடு வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, என்ன செய்யலாம்? முதலிலிருந்து வரிசையாகப் பார்க்க வேண்டாம். எட்டுப் பருவத்தையும் ஒரே மூச்சில் பார்த்தால் யாருக்கும் திகட்டும். இடையில் டிஜே பட்டினி கிடந்து உடம்பைக் குறைக்கப் பார்க்கிற பகுதி போலச் சில இன்றைக்கும் நன்றாக நிற்கின்றன. பல நிற்காது, அவற்றைத் தாண்டிப் போங்கள். இரண்டாம் பருவத்தில் ஸ்டெஃபனியின் கரடிப் பொம்மை தொலைகிற பகுதி இருக்கிறது. அம்மா கொடுத்த பொம்மை அது. அம்மாவின் முகத்தைப் பழைய வீட்டு வீடியோவில் நமக்குக் காட்டுவார்கள். அதைத் தனியாகப் பாருங்கள், அழ வந்தால் அழுங்கள்.

பிறகு ஏழாம் பருவத்தில் ஜெஸியின் தாத்தா பப்பூலி கிரீஸிலிருந்து வருகிற பகுதி. அவர் மிஷெலுக்கு ஒரு கிரேக்க நடனம் பழக்குகிறார், அவளுடைய வகுப்பில் வந்து ஆடுவதாகச் சொல்கிறார், அன்று இரவே நித்திரையில் இறந்துபோகிறார். இதை அப்பாவோடு பாருங்கள். பேரப்பிள்ளையோடு ஒரே வீட்டில் இருக்கும் 74 வயதுக்காரருக்கு அது விளங்கும். அவருக்கு ஆங்கிலம் கஷ்டம் என்றால் பக்கத்தில் இருந்து சொல்லுங்கள். முன்பு அவர் வேலையால் வந்து நீங்கள் பார்ப்பதை எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருப்பார். ஒரு பகுதியையாவது முழுதாகப் பார்க்க நேரம் இருந்திருக்குமா?

பார்த்து முடிந்ததும் அந்தப் பழைய கேள்வியை எடுத்து வைத்து மன்னிப்புக் கேட்கத் தொடங்காதீர்கள். அவருக்கு அது ஞாபகம் இருக்கிறதா என்றே தெரியாது, ஞாபகம் இருந்தால் சங்கடப்படுவார். வேலையைப் பற்றிக் கேளுங்கள். அந்த நாட்களில் இரவு எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவீர்கள், நாங்கள் நித்திரையாக இருப்போமா, வந்து எங்களைப் பார்ப்பீர்களா என்று கேளுங்கள். எங்கள் அப்பாமார்களுக்கு மனதைப் பற்றிக் கேட்டால் வாய் அடைத்துவிடும். பஸ், குளிர், ஷிஃப்ட், மனேஜர் என்று கேட்டால் கதை தானாக வரும், மற்றதும் அதோடு சேர்ந்து வந்துவிடும். முதல் நாளே வராது. அவசரப்படுத்தாதீர்கள். மகள் பக்கத்தில் இருந்தால் அவளும் கேட்கட்டும், அம்மப்பாவின் கதை அவளுக்கும் சேர வேண்டியது.

அண்ணா சொல்வதை நான் தள்ளிவிடவில்லை. அவருக்கு அந்த ஞாபகம் அப்படியே இருக்க வேண்டும் போல, அது அவருடைய உரிமை. அவரைப் பார்க்கச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். ஆனால் ஒருநாள் தொலைபேசியில் கூப்பிட்டு, “உங்களுக்கு எந்தப் பகுதி ஞாபகம் இருக்கு?” என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். அவர் உங்களைவிட மூத்தவர், அப்பா வரும் நேரமும் அம்மாவின் முகமும் அவருக்கு உங்களைவிடக் கூடத் தெரிந்திருக்கும். தோண்டாதே என்று சொல்கிறவருக்கு அங்கே என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்கலாம் அல்லவா?

அப்பாவோடு பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள். பப்பூலியைப் பார்த்து அவர் என்ன சொன்னார் என்று அறிய ஆவலாக இருக்கிறேன்.